பிந்தி வந்த மூச்சுத்திணறல்: ஒரு குழாயின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

'ஷண்ட்' என்கிற வார்த்தை எங்கள் வீட்டுக்குள் ரயில்வே வழியாகத்தான் வந்தது. மாமாவுக்குப் பொன்மலை ஒர்க்ஷாப்பில் வேலை. 1973-இல், அக்காவுக்கு நாலு வயசில், காய்ச்சலும் வாந்தியுமாக ஆரம்பித்தது மூளைக்காய்ச்சல் என்றும், அதுவும் டி.பி. கிருமியால் வந்தது என்றும் கண்டுபிடித்தார்கள். பிறகு தலையில் நீர் கோத்துக்கொண்டது. 'ஷண்ட் வெக்கணும்' என்று டாக்டர் சொன்னபோது அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமாதான் விளக்கினாராம்: "ஒண்ணுமில்ல மச்சான். பெட்டிய ஒரு லைன்லேர்ந்து இன்னொரு லைனுக்குத் தள்ளி விடறோம்ல, அதான். தலையில நிக்கிற தண்ணிய வேற பக்கம் தள்ளி விடறாங்க."

அப்பா திருவெறும்பூர் பாய்லர் பிளாண்டில் ஃபிட்டர். 1965-இல் செக்கோஸ்லோவாக்கியா நாட்டின் தொழில்நுட்ப உதவியோடு தொடங்கப்பட்ட ஆலை அது. வால்வுகளோடு பழகிய மனுஷன் என்பதால் அவருக்கு வந்த சந்தேகம் வேறு மாதிரியானது. "தள்ளி விடறது சரி, எங்க போய்ச் சேருது?" என்று கேட்டிருக்கிறார். "நெஞ்சுக்கு" என்று பதில் வந்திருக்கிறது. அதற்கு மேல் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை, சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை.

அப்பா கேட்டு நிறுத்திய இடத்திலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது. அக்கா இறந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது. அவள் செத்தது மூளையால் அல்ல, இதயத்தால். தலையில் வைத்த வைத்தியம் நாற்பது வருஷம் கழித்து நெஞ்சில் வந்து கணக்குக் கேட்ட கதையைத் தனிப்பட்ட துக்கமாக மட்டும் எழுதிவிட எனக்கு விருப்பமில்லை. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுக்குத் தெரியாமல், உலகின் நாலைந்து ஊர்களில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த வரலாறு.

2

முதலில் உடம்பைப் பற்றிக் கொஞ்சம். மூளைக்குள் அறைகள் இருக்கின்றன. அவற்றில் தெளிந்த நீர் ஒன்று சுரந்துகொண்டே இருக்கிறது. வளர்ந்த ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர். ஒரு நேரத்தில் மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி நிற்பது 150 மில்லி அளவுதான். அதாவது சுரந்த நீர் ஒரு நாளில் மூன்று தடவைக்கு மேல் புதுசாகிறது, பழையது ரத்தத்தில் கலந்துவிடுகிறது. போகிற வழி அடைபட்டால் சுரப்பது நிற்பதில்லை. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. கைக்குழந்தைக்கு மண்டையோட்டு எலும்புகள் ஒட்டாமல் இருப்பதால் தலை பெருக்கும். நாலு வயசுப் பிள்ளைக்குத் தலை பெருக்க இடமில்லை, பார்வையும் நினைவும் போகும், கடைசியில் உயிர் போகும்.

பிறவிக் கோளாறு, மூளைக்குள் ரத்தக்கசிவு, கட்டி என்று காரணங்கள் பல. நம் பக்கத்தில் டி.பி. மூளைக்காய்ச்சலும் முக்கியமான காரணம். மேற்கத்தியப் பாடப்புத்தகத்தின் நீர்த்தலைக் குழந்தை வேறு, நம் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்த நீர்த்தலைக் குழந்தை வேறு. இந்த வித்தியாசத்தை ஆவணப்படுத்தியவர்களில் வேலூர் சி.எம்.சி.யைச் சேர்ந்தவர்கள் முக்கியமானவர்கள். டி.பி. மூளைக்காய்ச்சலால் நீர் கோத்து ஷண்ட் வைக்கப்பட்ட 114 பேரைப் பின்தொடர்ந்து அவர்கள் 1991-இல் வெளியிட்ட ஆய்வும், அதில் கையாண்ட நான்கு படிநிலைகளும் இன்றைக்கும் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகின்றன. நினைவு தப்புவதற்கு முன்னால் வடிகால் வைத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு, நான்காம் படிக்குப் போய்விட்டால் அநேகமாக இல்லை என்பது அதன் சாரம். அந்த ஆய்வின் கேள்வி உயிரையும் மூளையையும் பற்றியது. அதற்கு அது நேர்மையாகப் பதில் சொன்னது.

இந்தியாவில் நரம்பியல் அறுவைச் சிகிச்சை தொடங்கியதே தமிழ் மண்ணில்தான். ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூரில், பா. ராமமூர்த்தி 1950-இல் சென்னைப் பொது மருத்துவமனையில். ராமமூர்த்தி பள்ளிப்படிப்பைத் திருச்சி ஈ.ஆர். உயர்நிலைப் பள்ளியில் முடித்தவர். ஆனால் திருச்சிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வருவதற்கு 1990களின் இறுதி ஆயிற்று. 1973-இல் எங்கள் ஊர்க்காரர்களுக்கு 'மூளை ஆப்பரேஷன்' என்றால் ரயிலேற வேண்டும். அக்காவையும் துணி மூட்டையையும் தூக்கிக்கொண்டு ரயிலேறினார்கள். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை. அங்கே அவளைக் காப்பாற்றினார்கள். அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

3

நீரை எங்கே வடிப்பது என்பது பழைய கேள்வி. 1949-இல் அமெரிக்காவில் நல்சன், ஸ்பிட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் மூளை அறையிலிருந்து கழுத்துச் சிரைக்குக் குழாய் போட்டு, ரத்தம் திரும்பி மேலே ஏறாமல் இருக்க நடுவில் ஒருவழி வால்வு ஒன்றையும் வைத்தார்கள். யோசனை பலித்தது, வால்வு சரியாக அமையவில்லை.

1955-இல் பிலடெல்ஃபியாப் பக்கம் ஜான் ஹோல்ட்டர் என்ற தொழிலாளிக்கு முதுகெலும்புப் பிளவோடும் நீர்த்தலையோடும் ஒரு பையன் பிறந்தான். ஹோல்ட்டர் டாக்டர் இல்லை. பூட்டுத் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் டெக்னீஷியன். ரப்பர்க் குழாயில் ஊசி குத்தி எடுத்தால் ஓட்டை தானே மூடிக்கொள்வதை ஆஸ்பத்திரியில் கவனித்திருக்கிறார். வெட்டிய கீறல் அழுத்தம் ஏறினால் திறக்கும், இறங்கினால் மூடும். அந்த யோசனையைச் சிலிக்கோனில் செய்து 1956-இல் ஸ்பிட்ஸிடம் கொடுத்தார். ஹோல்ட்டர் வால்வு உலகமெல்லாம் போயிற்று. அவர் பையன் சில வருஷங்களில் இறந்துபோனான்.

நான்கு வருஷம் கழித்து இன்னொரு தகப்பன். எழுத்தாளர் ரோல்ட் டாலின் கைக்குழந்தை 1960 டிசம்பரில் நியூயார்க்கில் டாக்ஸி மோதி அடிபட்டு, தலையில் நீர் கோத்து, வைத்த வால்வு திரும்பத் திரும்ப அடைத்துக்கொண்டது. டால், ஸ்டான்லி வேட் என்ற பொறியாளரையும் கென்னத் டில் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவரையும் சேர்த்துக்கொண்டு புது வால்வு ஒன்றை உருவாக்கினார். லாபம் வேண்டாம் என்று மூவரும் முடிவு செய்தார்கள்.

இந்த இரண்டு கதைகளும் மருத்துவ வரலாற்றில் விரும்பிச் சொல்லப்படுபவை. பிள்ளைப் பாசம், கைத்திறன், வெற்றி. சொல்வதில் தப்பில்லை. ஆனால் இந்தச் சொல்லாடல் முழுக்க வால்வைச் சுற்றியே நிற்பதைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் எப்படிப் புறப்படுகிறது என்பதற்கு நாயகர்கள் இருக்கிறார்கள். குழாயின் மறுமுனைக்கு நாயகர் யாரும் இல்லை. அந்த முனை கழுத்துச் சிரை வழியாக இறங்கி, இதயத்தின் வலது மேலறையில், ஓடுகிற ரத்தத்துக்கு நடுவில், வருஷக்கணக்காகக் கிடக்கிறது. அப்பா கேட்டது அந்த முனையைப் பற்றித்தான்.

4

ரத்தத்துக்குள் அந்நியப் பொருள் ஒன்று கிடந்தால் உடம்பு சும்மா இருக்காது. குழாயின் நுனியைச் சுற்றி ரத்தம் உறைகிறது. உறைந்ததில் துணுக்குகள் பிய்ந்து, வலது இதயத்தைத் தாண்டி நுரையீரலுக்குப் போகின்றன. ஒவ்வொன்றும் மணல் அளவு. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. நுரையீரல் தமனிகளின் சின்னச் சின்னக் கிளைகள் ஒன்றொன்றாக அடைபட்டுத் தடித்துப் போகின்றன. பாதி வழி அடைபட்டால் மீதி வழியில் தள்ள இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். வலது பக்கம் பருத்து, பிறகு தளர்ந்து, கால் வீங்கி, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். இதற்குப் பத்து வருஷமும் ஆகலாம், முப்பது நாற்பது வருஷமும் ஆகலாம்.

இன்னொரு வழி கிருமி. தோலில் சாதுவாகக் குடியிருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் வகை ஒன்று குழாயில் ஒட்டிக்கொண்டால் தன்னைச் சுற்றிக் கொழகொழவென்று ஒரு படலம் கட்டிக்கொள்ளும் என்பதை ஹோல்ட்டர் வால்வுகளைச் சோதித்த பேஸ்டனும் பென்னியும் 1972-இல் எழுதினார்கள். அங்கிருந்து கிருமி மெல்ல ரத்தத்தில் கசிந்துகொண்டே இருந்தால் இதய வால்வும் கெடலாம், சிறுநீரகமும் கெடலாம். சிறுநீரகக் கேட்டைப் பற்றி 1965-இலேயே லான்செட் இதழில் கட்டுரை வந்துவிட்டது. மூன்றாவது வழி வளர்ச்சி. குழந்தை வளர்கிறது, குழாய் வளர்வதில்லை. நுனி மேலறையிலிருந்து மேலே இழுபட்டுப் பெருஞ்சிரைக்குள் போய் அங்கே அடைப்பை உண்டாக்கும். அதனால் இடையிடையே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக் குழாயை நீட்ட வேண்டும்.

இதெல்லாம் எப்போது தெரியவந்தது? இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் முதுகெலும்புப் பிளவு, நீர்த்தலைக் குழந்தைகளுக்கான சிகிச்சை பெரிய அளவில் நடந்துகொண்டிருந்தது. அங்கே குழந்தைகளின் பிணப் பரிசோதனை செய்த எமரி, ஹில்ட்டனோடு சேர்ந்து, இந்தச் சிகிச்சையால் நுரையீரலிலும் இதயத்திலும் வரும் கேடுகளைப் பற்றி எழுதிய கட்டுரை வெளியானது 1961-இல். வால்வு வந்து ஐந்தே வருஷம். 1964-இல் அமெரிக்காவிலிருந்து இன்னொரு கட்டுரை, நுரையீரல் ரத்தநாள மாற்றங்களைப் பற்றி. ஆக, எங்கள் அக்காவுக்குக் குழாய் வைப்பதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே விஷயம் அச்சில் இருந்தது. 1970களில் உலகின் பெரும்பாலான மருத்துவர்கள் குழாயை இதயத்துக்கு விடுவதைக் குறைத்துக்கொண்டு வயிற்றுக்கு விடத் தொடங்கினார்கள். அதற்கு இதுவும் ஒரு காரணம். வயிற்றில் விட்டால் வளர்ச்சிக்குத் தேவையான நீளத்தை முன்கூட்டியே சுருட்டி வைக்கலாம் என்பது இன்னொரு காரணம்.

புதிதாக வைப்பவர்களுக்கு வழி மாறியது, நல்லது. ஏற்கெனவே வைத்துக்கொண்டு போனவர்கள்? அவர்களுக்கு யார் கடிதம் போட்டது?

5

ஆப்பரேஷன் முடிந்து வந்த அக்காவுக்கு வலது காதுக்குப் பின்னால் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு மேடு. தினமும் காலையில் அதைப் பத்துத் தடவை அமுக்கி விட வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் விடிவது அப்படித்தான். அம்மா அக்காவை முன்னால் உட்கார வைத்துத் தலைக்கு எண்ணெய் தடவி, ஒண்ணு ரெண்டு என்று எண்ணி அமுக்குவாள். பிறகு அந்த மேடு தெரியாதபடி இறக்கிப் பின்னி விடுவாள். எத்தனை வருஷம் அமுக்க வேண்டும் என்று சொல்லியனுப்பவில்லை. பதினஞ்சு வருஷம் அமுக்கினாள். குழாயை நீட்ட வேண்டியிருக்கும் என்பதை யாரும் சொல்லவில்லை, அல்லது சொன்னது அப்பாவுக்குப் புரியவில்லை.

அக்கா படித்தாள். அடையவளைஞ்சான் தெருவில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தாள். பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு அம்மாள் தலையைத் தடவுகிற சாக்கில் அந்த மேட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு வரன் பேச்சு எழவில்லை. அக்கா அதைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசுவாள்: "எனக்குத் தாலி கட்டறதுக்கு முன்னாடியே கழுத்துல ஒரு கயிறு உள்ள போட்டுட்டாங்கடா."

2006-இல் உச்சிப்பிள்ளையார் கோவில் ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தேழு வயசு. 'வீசிங்' என்றார்கள், உறிஞ்சும் மருந்து கொடுத்தார்கள். ரத்தசோகை என்றார்கள், மனசுதான் காரணம், கல்யாணம் ஆகாத பொம்பளை என்றும் ஒருத்தர் சொன்னார். மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. கால் வீங்கிய பிறகு எடுத்த எக்கோவில் வலது இதயம் பருத்திருந்தது, நுரையீரல் தமனியில் அழுத்தம் மிக அதிகம். வயசான டாக்டர் ஒருவர்தான் கழுத்துத் தழும்பைப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா?" என்று கேட்டார். அக்கா சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நெஞ்சு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, கழுத்திலிருந்து இறங்கும் மெல்லிய வெள்ளைக் கோட்டை விரலால் காட்டினார். அதுவரை எடுத்த ஒவ்வொரு எக்ஸ்ரேயிலும் அந்தக் கோடு இருந்திருக்கிறது. பார்த்தவர்கள் நுரையீரலைப் பார்த்தார்கள், கோட்டைப் பார்க்கவில்லை.

மிஷேல் ஃபூக்கோ 1963-இல் எழுதிய 'மருத்துவமனையின் பிறப்பு' நூலில் மருத்துவப் பார்வை என்பது எப்படிக் கட்டமைக்கப்படுகிறது, எதைப் புலப்படுத்துகிறது என்று விரிவாகப் பேசுகிறார். அதை நான் படித்தது 90களில், திருச்சி நண்பர்களின் படிப்பு வட்டத்தில். அப்போது அது அதிகாரம் பற்றிய கோட்பாடாக மட்டும்தான் எனக்குப் பட்டது. அந்த எக்ஸ்ரேயின் முன்னால் நின்றபோதுதான் அதன் நடைமுறை அர்த்தம் உறைத்தது. தலைக்கு ஒரு துறை, இதயத்துக்கு ஒரு துறை, நுரையீரலுக்கு ஒரு துறை. குழாய் மூன்றையும் தாண்டி ஓடுகிறது. எந்தத் துறையின் நோட்டிலும் அதற்கு முழுப் பக்கம் கிடையாது.

ஆப்பரேஷன் செய்த ஊருக்கு எழுதிப் போட்டோம். அவ்வளவு பழைய கேஸ்ஷீட் இல்லை என்று பதில் வந்தது. இருந்த ஒரே ஆவணம் அப்பாவின் பாக்கெட் நோட்டு. அதில் 1973-ஆம் வருஷத் தேதி, ரயில் செலவு, ரத்தம் கொடுத்தவர் இருவரின் பெயர், 'வால்வு, ஒருவழி' என்ற இரண்டு வார்த்தை. 2013-இல் அக்கா போய்விட்டாள். எமரியின் கட்டுரைக்கும் அந்த டாக்டரின் கேள்விக்கும் இடையில் நாற்பத்தெட்டு வருஷம்.

6

மருத்துவ மொழியில் இதற்குப் பெயர் 'பிந்திய சிக்கல்'. பிந்தியது என்றால் யாருடைய கடிகாரத்தின்படி? அக்காவின் உடம்பில் அது பிந்தவே இல்லை. குழாய் உள்ளே போன நாளிலிருந்து துணுக்குகள் போய்க்கொண்டுதான் இருந்திருக்கும். பிந்தி வந்தது தகவல். ஆய்வு ஒரு வருஷத்தைப் பார்க்கும், அல்லது பத்து வருஷத்தைப் பார்க்கும். உடம்பு தன் போக்கில் நாற்பது வருஷம் ஓடும்.

இதைத் திருச்சிக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிந்து ஸ்ரீரங்கத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. தாழ்வான கொள்ளிடம் தண்ணீரை இழுத்துக்கொள்வதால் காவிரிக்குப் போதவில்லை என்று 1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். தஞ்சைக்குத் தண்ணீர் கிடைத்தது, வெற்றிதான். ஆனால் இப்போது காவிரி அளவுக்கு மீறி இழுக்க ஆரம்பித்தது. 1845-இல் காவிரியின் தலைப்பிலும் ஒரு தடுப்புப் போட வேண்டியதாயிற்று. 2018 ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடம் அணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயின. தண்ணீரைத் திருப்பி விட்டால் அது எங்கேயாவது போய்த்தான் தீரும். திருப்பி விட்டவனுக்கு அதற்கு அப்புறமும் வேலை இருக்கிறது. பொதுப்பணித் துறைக்கு அங்கே கண்காணிக்க லஸ்கர் உண்டு, பதிவேடு உண்டு. அப்படியிருந்தும் மதகு போயிற்று. அக்காவின் நெஞ்சுக்குள் கிடந்த மதகுக்கு லஸ்கரும் இல்லை, பதிவேடும் இல்லை.

இந்த இடத்தில் தோழர்கள் சிலர் எதிர்பார்க்கும் முடிவு எனக்குத் தெரியும். நவீன மருத்துவமே நோயை உற்பத்தி செய்கிறது என்று இவான் இல்லிச் 1970களில் எழுதியதை இதற்கு உதாரணமாக்கிவிடலாம். அதை நான் ஏற்கவில்லை. குழாய் வைக்காமல் விட்டிருந்தால் அக்கா 1973-இலேயே செத்திருப்பாள். அவளுக்குக் கிடைத்த நாற்பது வருஷமும், அவளிடம் கணக்குப் படித்த பிள்ளைகளும், அந்தக் குழாய் கொடுத்தவை. விலை உயர்ந்த வால்வுகள் நம் பிள்ளைகளுக்கு எட்டாதபோது, லக்னோவில் டி.கே. சாப்ரா வடிவமைத்து ஷாஜஹான்பூரில் தயாரான இந்திய ஷண்ட் ஏழைகளின் கைக்கு எட்டியது. உகாண்டாவில் பெஞ்சமின் வார்ஃப் 195 குழந்தைகளிடம் அதையும் அமெரிக்க ஷண்ட் ஒன்றையும் ஒப்பிட்டு, ஒரு வருஷ முடிவுகளில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2005-இல் எழுதினார். ஒன்று ஏறக்குறைய 35 டாலர், மற்றது 650. இதைக் கொண்டாடத்தான் வேண்டும். கூடவே, அந்த 195 பேரின் முப்பதாவது வருஷத்தை யார் பார்ப்பார்கள் என்றும் கேட்க வேண்டும். நன்றியும் கேள்வியும் ஒரே வாயிலிருந்து வரலாம்.

நிலைமை இன்று கொஞ்சம் மாறியிருக்கிறது. உடம்பில் வைக்கும் சாதனங்களால் வரும் கேடுகளைப் பதிவு செய்யும் தேசியத் திட்டம் 2015-இல் தொடங்கியது. மருத்துவச் சாதன விதிகள் 2017-இல் வந்தன, 2020 ஏப்ரல் முதல் எல்லாச் சாதனங்களும் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. ஐரோப்பிய இதயவியல் கழகமும் சுவாசவியல் கழகமும் சேர்ந்து 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இதயத்துக்கு விடப்பட்ட ஷண்டை நுரையீரல் ரத்த அழுத்தத்துக்கான ஆபத்துக் காரணிகளில் ஒன்றாகக் குறிக்கிறது. நேரத்தோடு கண்டால் மருந்து உண்டு, சிலருக்கு அடைப்பைச் சுரண்டி எடுக்கும் அறுவைச் சிகிச்சையும் உண்டு. வயிற்றுக்கு விட முடியாதவர்களுக்கு இன்றும் இதயத்துக்குத்தான் குழாய் விடுகிறார்கள் என்பதால் இது பழங்கதையும் அல்ல.

ஆனால் 60களிலும் 70களிலும் வைத்துக்கொண்டவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இன்று அவர்களுக்கு ஐம்பது, அறுபது வயசு. பிழைத்திருப்பவர்கள் நம் தெருவிலேயே இருக்கலாம். பெரும்பாலானோருக்குக் குழாய் எங்கே போய் முடிகிறது என்பது தெரியாது. சின்ன வயசு ஆப்பரேஷன் என்று மறந்தே போயிருப்பார்கள். உங்கள் வீட்டில் காதுக்குப் பின்னால் மேடும் கழுத்தில் தழும்பும் உள்ளவர் யாராவது இருந்து, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று சொன்னால், வீசிங் மருந்துக்கு முன்னால் ஒரு எக்கோ எடுக்கச் சொல்லுங்கள். குழாயின் நுனி எங்கே என்று எக்ஸ்ரேயில் கேட்டு, வைத்த வருஷத்தோடு ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். அப்பாவின் பாக்கெட் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 'வால்வு, ஒருவழி' என்பதற்குக் கீழே 'இதயம், வலது மேலறை' என்று நான் எழுதிச் சேர்த்திருக்கிறேன்.